பாயிண்ட் தராசுக்கு முன்னால் நிற்பவர்

[திரையில்: ஆத்தூர் சாலையோரம் வரிசையாக நிற்கும் கிழங்கு லாரிகள்]

வணக்கம். பணியிட நேர்மை என்றதும் பெரிய கம்பெனிகளில் சேரும்போது கையெழுத்து வாங்கும் விதிமுறைப் புத்தகம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். நான் உங்களை ஒரு தராசுக்கு முன்னால் கூட்டிப்போகிறேன். சேலம் மாவட்டத்து ஜவ்வரிசி ஆலைகளில் இருக்கும் பாயிண்ட் தராசு அது.

முதலில் சுருக்கமாக ஊர்க்கதை. ஜவ்வரிசி முதலில் ஒரு வகைப் பனையின் தண்டுச் சோற்றிலிருந்து செய்யப்பட்டு மலேயா பக்கமிருந்து வந்த பொருள். இரண்டாம் உலகப் போரில் அந்த இறக்குமதி நின்றுபோக, 1943-இல் சேலத்தில் மரவள்ளிக்கிழங்கு மாவில் அதைச் செய்யத் தொடங்கினார்கள். 1981-இல் ஜவ்வரிசி ஆலைக்காரர்களின் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

[திரையில்: கிழங்குக் கூடை தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்குகிறது]

சரி, தராசுக்கு வருவோம். ஆலைக்கு வேண்டியது கிழங்கு அல்ல, அதற்குள் இருக்கும் மாவு. மாவு கூடக்கூடக் கிழங்கின் அடர்த்தி கூடும், தண்ணீருக்குள் எடை போட்டால் முள் அதிகம் காட்டும். அதனால் லோடிலிருந்து கொஞ்சம் மாதிரி எடுத்து, மண் போகக் கழுவி, வெளியே ஒரு முறையும் தண்ணீருக்குள் ஒரு முறையும் நிறுக்கிறார்கள். வரும் அளவுக்குப் பெயர்தான் பாயிண்ட். விலை அதை வைத்துத்தான்.

ஒரு பாயிண்ட் 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 28 பாயிண்ட் கிழங்கு டன்னுக்கு 8,400 ரூபாய். அதையே 26 என்று எழுதினால் 7,800. பத்து டன் லோடுக்கு 6,000 ரூபாய் விவசாயி கையை விட்டுப் போகிறது. பொய்யாக எழுதக்கூட வேண்டாம். மாதிரிக்கு ஒல்லிக் கிழங்காகப் பொறுக்கிப் போட்டாலே போதும், முள் இறங்கிவிடும்.

விவசாயி கோபித்துக்கொண்டு லாரியைத் திருப்பிவிடலாமே என்று தோன்றும். முடியாது. பிடுங்கிய மரவள்ளி இரண்டு மூன்று நாளில் கெட ஆரம்பிக்கும். பத்து மாத உழைப்பு ஆலை வாசலில் நிற்கும்போது, பேரம் பேசும் பலம் அவரிடம் இல்லை. அந்த நேரத்தில் அவருக்கு இருக்கிற ஒரே காவல், தராசுக்கு முன்னால் நிற்கும் மாதச் சம்பளக்காரரின் மனசாட்சி.

என் மாமா தலைவாசல் பக்கம் ஓர் ஆலையில் அந்த வேலையைப் பார்த்தார். லீவு நாட்களில் நானும் போய் உட்கார்ந்திருப்பேன். "குறைத்து எழுது" என்று அவரிடம் யாரும் சொன்னதே இல்லை. "இந்த மாசம் மாவு சரியா விழலையேப்பா, கொஞ்சம் பாத்துக்க" என்பார்கள். பொடி வைத்துப் பேசுவது. நாளைக்குப் பிரச்சினை வந்தால் சொன்னவர் தப்பித்துக்கொள்வார், எழுதியவர் மாட்டுவார். பணியிடத்தில் பெரும்பாலான தவறுகள் இப்படித்தான் மேலிருந்து கீழே இறங்குகின்றன. கீழே இருப்பவர் ஒழுக்கத்தைப் பற்றி மட்டும் வகுப்பெடுப்பதை என்னால் ஏற்க முடிவதில்லை.

முதலாளிகளும் ஒன்றை யோசிக்க வேண்டும். உங்களுக்காகக் குறைத்து எழுதப் பழகிய கை, நாளைக்கு ஒரு புரோக்கரிடம் ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு கூட்டியும் எழுதும். அப்புறம் உங்கள் கணக்கே உங்களுக்கு விளங்காது.

[திரையில்: சிமென்ட் களத்தில் காயும் ஜவ்வரிசி]

இன்னொரு இடம், கிழங்கு உரிக்கும் கொட்டகை. தோலைச் சரியாக உரித்து அரைத்தால் மாவு தானாகவே ஓரளவு வெளுப்பாக வரும். ஆள்கூலியை மிச்சம் பிடிக்கத் தோலோடு அரைத்தால் மாவு மங்கும். அந்த மங்கலை மறைக்கச் சிலர் ரசாயனத்தை ஊற்றுகிறார்கள். சேலத்தில் உணவுப் பாதுகாப்புத் துறை இதற்காகச் சோதனை நடத்துவது வழக்கமான செய்தியாகிவிட்டது. 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்பற்ற உணவைத் தயாரிப்பது குற்றம். ஆனால் கேனைத் தூக்கி ஊற்றுபவர் கையுறைகூட இல்லாத கூலித் தொழிலாளி. தோல் வெந்துபோவது அவருக்கு. கடையில் பளீரென்ற வெள்ளையைத் தேடி எடுக்கிற நமக்கும் இதில் பங்கு உண்டு. ஜவ்வரிசி லேசாக மங்கலாக இருந்தால் இருக்கட்டும், வாங்குங்கள்.

இதைச் சரிசெய்யப் பெரிய செலவு ஆகாது. மாதிரியை லாரியின் மேல், நடு, அடி என மூன்று இடத்திலிருந்து விவசாயி முன்னாலேயே எடுக்கலாம். மாவுத் தொட்டியில் எந்த ரசாயனம் எவ்வளவு ஊற்றப்பட்டது, யார் சொல்லி ஊற்றப்பட்டது என்று நோட்டில் எழுதி, சொன்னவரிடமே கையெழுத்து வாங்கலாம். கையெழுத்துக் கேட்ட தொழிலாளியை மறுநாள் வேலையை விட்டு நிறுத்தாமல் இருப்பதுதான் இதில் கஷ்டமான பகுதி. அது முதலாளி கையில்தான் இருக்கிறது.

மாமா தன்னால் முடிந்த ஒன்றைச் செய்தார். தராசின் முகம் ஆபீஸ் பக்கம் பார்த்தபடி இருந்தது. ஒரு நாள் காலையில் ஸ்பேனர் எடுத்து, அதை லாரி நிற்கும் பக்கம் திருப்பி மாட்டினார். பிறகு பாயிண்ட்டை அவர் வாசிக்கவில்லை. "நீங்களே படிச்சுச் சொல்லுங்க" என்று விவசாயியிடம் சொல்லிவிட்டு, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பார்.