மாம் வாழ்வது சிறுகதையில்தான்

நடுவர் அவர்களே, ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாமின் பெயரை நிலைநிறுத்துவது நாவலா, நாடகமா, சிறுகதையா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சிறுகதைக் கட்சி.

எனக்கு முன்னால் பேசிய நாடக அணி நண்பர் 1908-ஐக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். லண்டனில் ஒரே சமயத்தில் மாமின் நாலு நாடகங்கள் ஓடின, உண்மைதான். ஆனால் அந்த நாலின் பெயரை அவர் சொல்லவில்லையே! 'லேடி ஃபிரெடரிக்', 'ஜாக் ஸ்ட்ரா', 'மிஸஸ் டாட்', 'தி எக்ஸ்ப்ளோரர்'. இங்கே இருப்பவர்களில் எத்தனை பேர் படித்திருக்கிறீர்கள்? 1933இல் 'ஷெப்பி'யோடு மாமே நாடகம் எழுதுவதை நிறுத்திவிட்டார், கதையை விடவில்லை. அப்புறம் 'தி லெட்டர்' நாடகத்தை நம் நண்பர் அவ்வளவு பெருமையாகச் சொன்னாரே, 1911இல் கோலாலம்பூரில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவரைச் சுட்டுக்கொன்ற வழக்கை வைத்து மாம் முதலில் எழுதியது சிறுகதை, அதுதான் 1927இல் மேடை ஏறியது. பிள்ளை எங்களுடையது, வேஷம் கட்டியது மட்டும்தான் நீங்கள்.

சரி, நாவலுக்கு வருகிறேன். 'ஆஃப் ஹியூமன் பாண்டேஜ்' எனக்கும் உயிர். தன் திக்குவாயால் பட்ட அவமானத்தையெல்லாம் மாம் அதில் நாயகன் பிலிப்பின் கோணல் காலாக மாற்றினார். கால் நேராகிவிடும் என்று நம்பி அந்தப் பையன் குளிரில் வெறும் தரையில் மண்டியிட்டு ஜெபிக்கிறானே, காலையில் விழித்ததும் கையால் பாதத்தைத் தடவிப் பார்க்கிறானே, அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் எனக்குத் தொண்டை அடைக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள், அது சில பக்கங்கள்தான், தனியே எடுத்துக் கொடுத்தால் முழுமையான ஒரு சிறுகதை. அதற்குப் பிறகு, தன்னை மதிக்காத காதலி மில்ட்ரெட்டிடம் பிலிப் திரும்பத் திரும்பப் போய் அடிபடும் பகுதியில் நமக்கு முன்னமே புரிந்துவிட்டதை நாவல் இன்னும் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

'ரெயின்' கதையில் அப்படி ஒரு வரி காட்டுங்கள். பசிபிக் கடலில் சமோவாத் தீவின் துறைமுகமான பாகோ பாகோவில் விடாத மழை. சேடி தாம்ப்சன் என்ற விலைமகளைத் திருத்தியே தீருவேன் என்று நிற்கிற பாதிரியார் டேவிட்சன் ஒருநாள் காலை கழுத்தறுபட்டுக் கரையில் கிடக்கிறார். முந்தின இரவு என்ன நடந்தது? மாம் சொல்லவே மாட்டார். சேடி ஆத்திரத்தில் ஆண்களையெல்லாம் சேர்த்து ஒரு வசவு வைகிறாள், அங்கே தங்கியிருக்கும் டாக்டர் மெக்ஃபெயிலுக்குப் புரிந்துவிடுகிறது, நமக்கும். மாம் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் மருத்துவம் படித்தவர். நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்து, கண்டதை மட்டும் சொல்லும் அந்தப் பழக்கம் அவருடைய சிறுகதைகளில்தான் சுத்தமாக இருக்கிறது.

'தி வெர்ஜர்', அதாவது தேவாலயப் பணியாள், இன்னும் சின்ன கதை. எழுதப் படிக்கத் தெரியாது என்பதற்காக தேவாலய வேலையை இழந்தவர், மனம் நொந்து நடக்கும்போது ஒரு சிகரெட் வாங்க அந்த நீளத் தெருவில் கடையே இல்லை என்று கவனிக்கிறார், தானே ஒன்று திறக்கிறார், அது பத்துக் கடையாகப் பெருகுகிறது. அசந்துபோன வங்கி மேனேஜர், 'படித்திருந்தால் இன்றைக்கு என்னவாகியிருப்பீர்கள்' என்று கேட்கிறார். அதே தேவாலயத்தில் அதே வேலையில் இருந்திருப்பேன் என்கிறார் அவர். மாம் அங்கேயே நிறுத்திவிட்டார், நடுவர் அவர்களே. நானும் நிறுத்திக்கொள்கிறேன்.