தானாக விழுந்த புள்ளி

வணக்கம் நேயர்களே. இந்த ஒலிப்பதிவு அறைக்குள் வந்து உட்கார்ந்ததும், எதிரே இருக்கும் ஒலிவாங்கியை என் பக்கம் கொஞ்சம் நகர்த்தலாமா கூடாதா என்று ஒரு நொடி தயங்கினேன். பழைய வியாதி, இன்னும் முழுசாகப் போகவில்லை. அந்த வியாதியைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேசப் போகிறேன்.

நான் தமிழாசிரியை. வேலைக்குச் சேர்ந்து பல வருடங்கள் எனக்குத் தெரிந்த கருவிகள் சுண்ணக்கட்டியும் சிவப்புப் பேனாவும்தான். பிறகு பள்ளிக்குக் கணினி வந்தது. தனி அறை, எந்நேரமும் போர்த்திய துணி, உள்ளே போனால் எல்லாரும் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். அந்த அறைக்கு நான் வைத்த பெயர் ஐ.சி.யூ.

முதல் நாள் சுட்டியை, அதாவது மவுஸை, கையில் கொடுத்தார்கள். இரண்டு தடவை தட்டினால் திறக்கும் என்றார்கள். தட்டினேன், திறக்கவில்லை. அந்த இரண்டு தட்டும் ஏறத்தாழ அரை வினாடிக்குள் விழ வேண்டும், இடையில் கை அசையவும் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. என் கையோ நடுங்கிக்கொண்டிருந்தது. படம் திறப்பதற்குப் பதிலாகத் திரையில் இடம் மாறி இடம் மாறி உட்கார்ந்தது. பின்னால் நின்ற ஒரு பையன் சிரிப்பை அடக்கியது எனக்குக் கேட்டது. அதோடு துணியைப் போர்த்திவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

எதைக் கண்டு பயந்தேன் என்று பிற்பாடு யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஏதாவது உடைந்துவிடும் என்றுதான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அது சாக்கு. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, தெரியாமல் முழிக்க வேண்டுமே, அதுதான் விஷயம். வகுப்பில் தெரியாதவர்கள் எப்போதும் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள்தான் என்று பழகிப்போன ஆள் நான்.

அதனால் பண்டமாற்று தொடங்கினேன். இளைய ஆசிரியை ஒருவர் என் மதிப்பெண் பட்டியலைத் தட்டச்சு செய்து கொடுப்பார், பதிலுக்கு அவருடைய விடைத்தாள்களில் ஒரு கட்டை நான் திருத்திக் கொடுப்பேன். இப்படியே சில வருடங்கள் ஓடின. யாருக்கும் நஷ்டமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு தேர்வுக்கு முந்தைய நாள், தமிழ் வினாத்தாள் வேறொரு கணினியில் திறந்தபோது, 'பின்வரும் வினாக்களுக்கு விடையளிக்க' என்ற வரி இருந்த இடத்தில் தலையில் கொம்பு முளைத்த ஆங்கில எழுத்துகளும் கேள்விக்குறிகளும் நின்றன. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உள்ளூரச் சந்தோஷம். பார்த்தீர்களா, நம்பினால் இப்படித்தான் என்று கையால் எழுதிக் கொடுத்தேன்.

என்ன நடந்தது என்று அப்போது எனக்குப் புரியவில்லை. பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்கான இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்திருந்தன. அந்த எழுத்துரு இல்லாத கணினிக்குப் போனால் வேஷம் கலைந்துவிடும், அவ்வளவுதான். இதற்குத் தீர்வாக வந்தது ஒருங்குறி, யூனிகோடு. 1991-இல் வெளிவந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. ஒவ்வொரு எழுத்துக்கும் நிரந்தரமாக ஓர் எண். அ என்றால் 2949, க என்றால் 2965. எந்தக் கணினிக்குப் போனாலும் அந்த எண் மாறாது.

இதை எனக்கு விளக்கியது அந்த வினாத்தாள் கூத்தைக் கேள்விப்பட்ட என் மாணவி ஒருத்தி. அவளே ஒரு நாள் மதிய இடைவேளையில் கையைப் பிடிக்காத குறையாக ஐ.சி.யூ.வுக்குள் அழைத்துப்போனாள். "ஒண்ணும் ஆகாது டீச்சர், ந அடிச்சுட்டு த அடிங்க" என்றாள். அடித்தேன். ந வந்தது. த அடித்ததும், ந-வின் தலையில் தானாக ஒரு புள்ளி விழுந்து 'ந்த' என்று நின்றது. நான் புள்ளி வைக்கவில்லை.

"இன்னொரு தடவை" என்றேன். ம, ப அடித்தால் 'ம்ப'. ண, ட அடித்தால் 'ண்ட'. ங-வுக்குக் க, ஞ-வுக்குச் ச, ன-வுக்கு ற. ஆறு ஜோடி. நேயர்களே, இது இன எழுத்து. வல்லினத்துக்கு முன்னால் அதன் இனமான மெல்லினம் வரும் என்று எத்தனையோ வருடங்களாக நான் பிள்ளைகளின் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்த பாடம், ஒரு விசைப்பலகைக்குள் உட்கார்ந்திருக்கிறது!

அது தமிழ்99 விசைப்பலகை. பெயரிலேயே இருப்பது போல 1999-இல் வந்தது. இடக்கைப் பக்கம் உயிர், வலக்கைப் பக்கம் பெரும்பாலும் மெய். பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், ஓர் ஆய்தம், ஆக 31 விசைகள். அதை வைத்து 247 எழுத்தையும் அடித்துவிடலாம். க-வை அடித்து இ-யை அடித்தால் கி. உயிரும் மெய்யும் சேர்ந்தால் உயிர்மெய் என்று இதைவிடச் சுருக்கமாக நான் கரும்பலகையில் காட்டியதில்லை.

அன்று 'மமதை' என்று அடிக்க முயன்றேன். 'ம்மதை' என்று வந்தது. ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் முதலாவதன் மேல் புள்ளி விழும் என்பது அதன் விதி. வேண்டாமென்றால் நடுவில் ஓர் அகரம் தட்ட வேண்டும். "உங்களுக்கு மமதை வரமாட்டேங்குது டீச்சர்" என்றாள் அந்தப் பெண். இந்த முறை நானும் சேர்ந்து சிரித்தேன்.

அப்புறம் தினமும் அரை மணி நேரம் உட்கார்ந்தேன். தப்பாக அடிப்பதும் கன்ட்ரோல் இசட் அழுத்துவதுமாகப் போனது. கன்ட்ரோல் இசட் என்னைக் கொஞ்சம் உறுத்தியது. கட்டுரை நோட்டில் அடித்தல் திருத்தல் இருந்தால் மதிப்பெண் குறைக்கிறவள் நான். இங்கே இந்த எந்திரம் எத்தனை தடவை தப்பு செய்தாலும் முகம் சுளிக்காமல் பழைய நிலைக்குப் போய் நிற்கிறது. அந்த வருடத்திலிருந்து அடித்தலுக்கு மதிப்பெண் குறைப்பதை விட்டுவிட்டேன். பயிற்சி வகுப்புகள் பலவற்றுக்குப் பின்னாளில் போயிருக்கிறேன். அவற்றில் எதுவும் என்னை இந்த அளவு மாற்றியதில்லை.

2020-இல் உலகமெங்கும் பள்ளிகள் மூடிக்கிடந்ததும், ஏறத்தாழ 160 கோடி மாணவர்கள் வீட்டில் இருந்ததும் உங்களுக்குத் தெரியும். அகராதிகளை அடுக்கி, அதன்மேல் கைப்பேசியைச் சாய்த்து வைத்து நானும் பாடம் எடுத்தேன். முதல் நாள் இருபது நிமிடம் ஒலியை அணைத்து வைத்துக்கொண்டே பேசியிருக்கிறேன். அதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை.

இன்றைக்கும் எல்லாவற்றையும் நான் ஏற்றுக்கொள்வதில்லை. திரையில் வரிகளைப் போட்டு அதையே வாசிப்பதைப் பாடம் என்று சொல்ல மாட்டேன். அதற்குப் பிள்ளைகளுக்குப் படிக்கத் தெரியுமே. செய்யுளின் சீர்களை அசை அசையாகப் பிரித்து அலகிடுவதற்கு இன்னும் சுண்ணக்கட்டிதான் எனக்குச் சரி.

அண்மையில் ஒரு பையன் செயற்கை நுண்ணறிவிடம் எழுதி வாங்கிய கட்டுரையைக் கொண்டு வந்தான். மொழி சரளமாகத்தான் இருந்தது. நடுவில் ஒரு குறள், பக்கத்தில் எண்: 1412. கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது: "மொத்தமே 1330தானே டீச்சர்?" வகுப்பே கொல்லென்று சிரித்தது. பழைய நானாக இருந்தால் அந்தக் கட்டுரையைக் கிழித்திருப்பேன். "சரி, இன்னொன்று கேள்" என்றேன். எல்லாருக்கும் தெரியும்படி பெரிய திரையில் கேட்டான். அது மரியாதையாக மன்னிப்புக் கேட்டுவிட்டு வேறொரு குறளைக் கொடுத்தது. இந்த முறை எண் 1330-க்குள் இருந்தது. முதல் அடியில் நான்கு சீர், இரண்டாவதில் மூன்று. பார்வைக்குக் குறள்தான்.

புத்தகத்தைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுச் சுண்ணக்கட்டியை அந்தப் பையனிடம் கொடுத்தேன். நேர், நிரை என்று அசைகளாகப் பிரித்துக்கொண்டே போனான். குறளும் வெண்பாதான். வெண்பாவின் ஈற்றுச்சீர், அதாவது கடைசிச் சீர், நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாடுகளில் ஒன்றாகத்தான் முடிய வேண்டும். அவன் கடைசிச் சீருக்கு வந்து, ஒருமுறை அழித்து, மறுபடி பிரித்துப் பார்த்தான்.

"கூவிளங்காய் வருது டீச்சர்."

அடுத்து நிகழ வாய்ப்பான சொல் எது என்று கணித்து அடுக்குகிற எந்திரம் அது. புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துச் சொல்வதில்லை. இதை அவர்களுக்கு அப்போது சொன்னேன். மூன்றாவதாகவும் ஒன்று கேட்கலாமா என்றான். கேட்டோம். அதிலும் தளை, அதாவது சீருக்கும் சீருக்கும் இடையே இருக்க வேண்டிய இணைப்பு, தட்டியது.

நேரம் முடிந்துவிட்டதாக எதிரே கண்ணாடிக்கு அப்பால் சைகை காட்டுகிறார்கள். நன்றி, வணக்கம்.