ஊழல் எதிர்ப்புக் குழு: எந்தச் சாவி யார் கையில்?

[திரையில்: ஒரு டெண்டர் அறிவிப்பு. கடைசித் தேதி மட்டும் பெரிதாகிறது.]

ஒரு டெண்டர்ல முறைகேடுன்னு சந்தேகம். முன்னாடின்னா நாலு பேர் உட்கார்ந்து காகிதத்தைப் புரட்டணும். இப்போ முகமே தெரியாத நாற்பது பேர் ஒரே கோப்புல வேலை பார்க்கலாம். அதனால ஒருங்கிணைப்பாளரோட வேலையும் மாறிடுச்சு. யாருக்கு என்ன வேலைன்னு பிரிக்கிறது சுலபம். யார் கண்ணுக்கு எது படலாம்னு பிரிக்கிறதுதான் கஷ்டம்.

[திரையில்: 2016, பனாமா ஆவணங்கள்]

இதுல பெரிய உதாரணம் பனாமா ஆவணங்கள்: பனாமா நாட்டுச் சட்ட நிறுவனம் ஒண்ணுலேருந்து கசிஞ்ச, வெளிநாட்டுல பணத்தை மறைக்க உதவுற நிறுவனங்கள் பத்தின கோப்புகள். 1 கோடியே 15 லட்சம் கோப்புகள், 2.6 டெராபைட். 350-க்கும் மேற்பட்ட பத்திரிகையாளர்கள் கிட்டத்தட்ட ஒரு வருஷம் வாயைத் திறக்காம வேலை பார்த்து, 2016 ஏப்ரல் 3 அன்னிக்கு ஒரே நேரத்துல வெளியிட்டாங்க. ரெண்டே நாள்ல ஐஸ்லாந்து பிரதமர் பதவி விலக முன்வந்தார். தேடுறதுக்கு ஒரு தளம், கலந்து பேச இன்னொரு தளம். தகவலை மின்னஞ்சல்ல சிதற விடாம, எல்லாத்தையும் பூட்டுக்குள்ளேயே பகிர்ந்துக்கிட்டாங்க.

சின்னக் குழுக்கள் இங்கேதான் சறுக்குது. எல்லாத்துக்கும் ஒரே வாட்ஸ்அப் குழு. அதுல ஒவ்வொருத்தர் எண்ணும் மத்தவங்களுக்குத் தெரியும். ஒருத்தர் போன் பறிபோனா மொத்தப் பட்டியலும் போச்சு. அதனால மூணாப் பிரிங்க. அறிவிப்புக்கு ஒரு பெரிய குழு. ஒவ்வொரு வழக்குக்கும் அஞ்சாறு பேர் கொண்ட தனிக் குழு, அதுவும் சிக்னல் மாதிரி செயலில, செய்தி தானா அழியுற வசதியோட. தகவல் கொடுத்தவரோட பேச ஒரே ஒரு ஆள். தகவல் கொடுத்தவர் பெயரை மத்தவங்க கேட்கவும் கூடாது.

[திரையில்: ஒரே புகைப்படத்தின் இரண்டு பிரதிகள், அடியில் இரண்டு ஹாஷ் எண்கள்]

அடுத்து ஆதாரம். வாட்ஸ்அப்ல படமா அனுப்பினா தரம் குறையும். எடுத்த நேரம், இடம் மாதிரி மெட்டாடேட்டாவும் போயிடும். நாளைக்கு "இது ஜோடிச்ச படம்"னு எதிர்த்தரப்பு சொன்னா பதில் சொல்ல முடியாது. அதனால மூலக்கோப்பையே ஆவணமா வாங்குங்க. வந்தவுடனே எஸ்ஹெச்ஏ-256 ஹாஷ் எடுங்க, அதாவது கோப்போட கைரேகை மாதிரி ஒரு குறியீடு. 64 எழுத்து வரும். ஒரு புள்ளி மாறினாலும் அது முழுக்க மாறிடும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுலயும் இதுக்கான கட்டளை ஏற்கெனவே இருக்கு. அந்த 64 எழுத்து, வாங்கின தேதி, வாங்கினவர் மூணையும் பதிவேட்டுல ஏத்திட்டு, மூலத்தைத் தொடாம வைங்க. வேலையெல்லாம் பிரதியிலதான்.

தரவு உள்ளீடு சலிப்பான வேலை, ஆனா வழக்கு நிக்கிறதும் விழுறதும் பெரும்பாலும் இங்கேதான். ஒரே ஒப்பந்ததாரர் பெயர் நாலு விதமா எழுதப்பட்டிருக்கும்; கூட்டிப் பார்த்தா நாலு நிறுவனமாத் தெரியும். பெயரை நம்பாம, நிறுவனப் பதிவு எண்ணுக்கு அட்டவணையில தனி நெடுவரிசை வைங்க. ஒரே ஆவணத்தை ரெண்டு பேர் தனித்தனியா ஏத்தட்டும், பொருந்தாத வரிகளை மூணாவது ஆள் பார்க்கட்டும். அதுக்கப்புறம் சந்தேகக் குறிகளைத் தேடுங்க: ஒரே ஒருத்தர் மட்டும் போட்ட ஏலம், சில நாள்லயே முடிஞ்ச கெடு, மேலிட அனுமதி தேவைப்படுற வரம்புக்குச் சற்றே கீழே நிக்கிற தொகை, போட்டியாளர்களுக்கு ஒரே முகவரி. சில சமயம் எதிரெதிர் நிறுவனங்களோட பிடிஎஃப் கோப்புகள்ல உருவாக்கினவர் பெயர் ஒண்ணாவே இருக்கும்! ஆனா இதெல்லாம் கேள்வி கேட்கத்தான் போதும், தீர்ப்பு சொல்லப் போதாது. சம்பந்தப்பட்டவருக்கு எழுத்துல கேள்வி அனுப்பி, பதிலுக்கு நாள் கொடுத்த பிறகுதான் வெளியீடு.

[திரையில்: கறுப்புக் கட்டம் போட்ட பக்கம். அதை நகலெடுத்து ஒட்டியதும் எழுத்து தெரிகிறது.]

வெளியிடும்போது பெயரைக் கறுப்புக் கட்டத்தால மூடுறது ஆபத்து. அடியில எழுத்து அப்படியே இருக்கும். 2019 ஜனவரியில, டிரம்போட முன்னாள் பிரசாரத் தலைவர் பால் மேனாஃபோர்ட்டோட வழக்கறிஞர்கள் நீதிமன்றத்துல கொடுத்த ஆவணத்துல இதுதான் நடந்துச்சு. மறைச்ச வரிகளை நகலெடுத்து ஒட்டியே எல்லாரும் படிச்சிட்டாங்க. எழுத்தை நிஜமாவே நீக்கிட்டு, பக்கத்தைப் படமா மாத்துங்க. உள்ளிருந்து கசிஞ்ச காகிதம்னா ஸ்கேனைக்கூடப் போடாதீங்க: பல வண்ண லேசர் பிரிண்டர்கள் கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் புள்ளிகள்ல தன் வரிசை எண்ணையும் அச்சிட்ட நேரத்தையும் விட்டுட்டுப் போகும். தேவையான வரிகளைத் திரும்பத் தட்டச்சு பண்றதுதான் பாதுகாப்பு.

இப்போ குழுவுக்குள்ள இருக்கிற ஜனநாயகம். ராத்திரி 11 மணிக்கு ஒரு முன்மொழிவு வரும், காலையில அதுமேல 200 செய்தி. பேசாதவங்க சம்மதிச்சதாக் கணக்கு. இதுக்குப் பேர் முடிவெடுக்கிறது இல்லை, யார் கடைசிவரை முழிச்சிருந்தாங்கன்னு பார்க்கிறது. முன்மொழிவு ஒரே பத்தியில இருக்கட்டும், 72 மணி நேரம் திறந்திருக்கட்டும், பெயரோட ஆம் அல்லது இல்லை, எதிர்த்தவரோட காரணமும் பதிவாகட்டும். வரவு செலவு எல்லா உறுப்பினருக்கும் தெரியட்டும். அடுத்தவங்க கணக்கைக் கேட்கிற குழுவுக்கு இதுல விலக்கு கிடையாது.

நிர்வாகி உரிமை ஒருத்தர் கையில மட்டும் இருந்தா, யாரும் ஓட்டுப் போடாமலே அவர் தலைவர். ரெண்டு மூணு பேர்கிட்ட கொடுங்க, இரட்டை அடையாளச் சரிபார்ப்போட (கடவுச்சொல்லோட இன்னொரு சரிபார்ப்பும்). யாராவது விலகினா அன்னிக்கே அவங்க அணுகலை எடுத்துடுங்க. கோபமில்லாமப் போனவங்களா இருந்தாலும்தான். கடவுச்சொல்லை எல்லாரும் ஞாபகமா மாத்துறாங்க. ஆனா கணக்கை மீட்கக் கொடுத்த மின்னஞ்சலும் போன் எண்ணும் போனவரோடதாவே இருக்கும், முதல்ல அதைப் பாருங்க.