விழித்திருக்கும் நேரமும் படிக்கக்கூடிய நேரமும்

கல்லூரி அணிகளில் இப்போதுதான் இடம் பெற்றிருக்கும் முதலாண்டு வீரர்களே, வீராங்கனைகளே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஒரு வாரத்தில் 168 மணி நேரம் உண்டு. நாளொன்றுக்கு 8 மணி வீதம் உறக்கத்துக்கு 56 மணி நேரத்தைக் கழித்தால் 112 மிஞ்சும். அதில் வகுப்புகளுக்கு 15, தனியே படிப்பதற்கு 30, பயிற்சிக்கு 20 என்று ஒதுக்கிய பிறகும் 47 மணி நேரம் கையில் நிற்கிறது. கணக்கு இவ்வளவு தாராளமாக இருக்கும்போது, போட்டிப் பருவம் தொடங்கிய சில வாரங்களிலேயே முதலாண்டு மாணவர்கள் நேரமே இல்லை என்று தவிப்பது ஏன்? அவர்களைச் சோம்பேறிகள் என்று தள்ளிவிடுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. தாளில் எழுதிய மணிகளும் வாழ்க்கையில் செலவாகும் மணிகளும் வேறுவேறானவை என்பதே காரணம்.

இதற்கு அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நெறிப்படுத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதி நல்ல சான்று. போட்டிப் பருவத்தில் நாளொன்றுக்கு 4 மணி நேரம், வாரத்துக்கு 20 மணி நேரம், வாரத்தில் ஒரு நாள் கட்டாய ஓய்வு என்று அது 1991 முதல் வரம்பு கட்டியிருக்கிறது. ஆனால் போட்டி நாள் எத்தனை நீண்டாலும் அது 3 மணி நேரம் என்றே கணக்கில் ஏறும். ஊர் விட்டு ஊர் செல்லும் பயணமும், காயத்துக்குப் பெறும் சிகிச்சையும் அந்த 20 மணிக்குள் வருவதில்லை. மாணவரை மிகைப் பயிற்சியிலிருந்து காக்க எழுதப்பட்ட விதி அது. உங்கள் நாட்குறிப்புக்கு அந்தக் கணக்கு போதாது. அறையை விட்டுக் கிளம்பியது முதல் குளித்து, உண்டு, மறுபடி மேசையில் அமரும் வரை ஆன நேரத்தைத்தான் பயிற்சி நேரம் என்று குறிக்க வேண்டும். இரண்டு மணி நேரப் பயிற்சி எத்தனை மணி நேரத்தை விழுங்குகிறது என்பதை ஒரு வாரம் குறித்துப் பாருங்கள்; 47 என்ற எண் வேகமாகக் கரையும்.

எஞ்சும் மணிகளிலும் எல்லாமே ஒரே தரத்தவை அல்ல. மாலைப் பயிற்சிக்குப் பின் இரவில் விழித்திருக்கிறோம் என்பதாலேயே புதிய கணிதத் தேற்றம் ஒன்றைப் புரிந்துகொள்ளும் நிலையில் இருக்கிறோம் என்று ஆகாது. பள்ளியில் மணியடித்து நம்மை நகர்த்திக்கொண்டே இருந்தார்கள். கல்லூரியிலோ இரண்டு வகுப்புகளுக்கு நடுவே ஒன்றரை மணி நேரம் கேட்பாரற்றுக் கிடக்கும். பெரும்பாலோர் அதை இடைவேளை என்று எண்ணிக் கைப்பேசியில் கழித்துவிட்டு, படிப்பை இரவுக்குத் தள்ளுகிறார்கள். பகலில் மூளை தெளிவாக இருக்கும் அந்த நேரத்தில் கடினமான பாடத்தையும், களைத்த இரவில் குறிப்புகளைச் சீர்செய்வது, மறுநாளுக்கான பையை அடுக்குவது போன்ற வேலைகளையும் வைத்துக்கொள்வதே முறை. பயணப் பேருந்தும் அப்படித்தான். முன்பே படித்ததை நினைவுகூர அது ஏற்ற இடம். முதல் வாசிப்புக்கு ஏற்றதன்று. படித்ததை நாள்கள் இடைவெளிவிட்டுத் திரும்பப் பார்ப்பது ஒரே மூச்சில் படிப்பதைவிட நெடுநாள் நினைவில் நிற்கும் என்பது 1885-இல் ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் தம் ஆய்வை வெளியிட்ட காலந்தொட்டு அறிந்த செய்தி. சிதறிய நேரமே வாய்க்கும் விளையாட்டு மாணவருக்கு இது சாதகமும்கூட.

நேரம் போதாதபோது எல்லோரும் முதலில் கைவைப்பது உறக்கத்தில்தான். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் கூடைப்பந்து வீரர்கள் 11 பேரை, இரவில் 10 மணி நேரம் படுக்கையில் இருக்க இலக்கு வைத்து, சில வாரங்கள் கண்காணித்த ஆய்வு 2011-இல் வெளியானது. எதிரணி தடுக்காத நிலையில் கூடையில் பந்தெறியும் ஃப்ரீ த்ரோவில் அவர்களின் துல்லியம் 9 விழுக்காடு உயர்ந்தது. ஓட்ட வேகமும் கூடியது. சிறிய ஆய்வுதான், ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழுவும் அதில் இல்லை. ஆகவே அந்த எண்ணை நான் வேதவாக்காகச் சொல்லவில்லை. ஆனாலும் உறக்கத்தைக் குறைத்துப் படிப்பவர் மறுநாள் வகுப்பிலும் மைதானத்திலும் சேர்த்தே இழக்கிறார் என்பதில் எனக்கு ஐயமில்லை.

கடைசியாக, தேதிகள் மோதுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். பருவத்தின் முதல் வாரத்திலேயே போட்டி அட்டவணையையும் ஒவ்வொரு பாடத்தின் தேர்வு, ஒப்படைப்பு நாள்களையும் ஒரே நாட்காட்டியில் எழுதிப் பார்த்தால், எந்தத் தேர்வு எந்தப் பயணத்தோடு மோதுகிறது என்பது அப்போதே தெரிந்துவிடும். அந்தப் பட்டியலோடு பேராசிரியரை நேரில் சந்தித்து, பயணத்துக்கு முன்பே தேர்வெழுத முடியுமா என்று கேளுங்கள். ஆறு வாரம் முன்னதாகக் கேட்பவருக்கு வழி செய்து கொடுப்பது அவருக்கு எளிது, முந்தைய நாள் இரவு மின்னஞ்சல் அனுப்புபவருக்கு அவர் விரும்பினாலும் உதவ முடியாமல் போகலாம். பயிற்சியாளரிடமும் இதே தேதிகளைக் கொடுத்துவிடுங்கள், ஏனெனில் உங்கள் தேர்வு நாள்களை நீங்கள் சொல்லாமல் அவர் அறிய வழியில்லை. முதலாண்டில் இவர்களிடம் பேசத் தயக்கம் இருக்கும். தனியே செல்லத் தயங்குவோர் அணியின் மூத்த மாணவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லலாம்.