வெள்ளச்சி வளைவு எங்கே இருக்கிறது?

(பழனிமலைத் தொடரில் உள்ள தாண்டிக்குடியில் நூலக வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, பன்றிமலையிலிருந்து இந்தப் பனியிலும் வண்டி ஓட்டி வந்திருக்கும் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஐயா அவர்களே, வேலைக்கு நடுவே நேரம் ஒதுக்கி வந்த வனத்துறை அலுவலர் அவர்களே, மைக் கட்டி, எல்லாருக்கும் சுக்குக் காபி கொடுத்த நூலகர் தம்பி அவர்களே, காப்பிப் பழம் பறிக்கிற நாளில் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, பின்னால் நிற்கிற பிள்ளைகளே, உங்கள் எல்லாருக்கும் வணக்கம். தலைமை ஆசிரியர் ஐயாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பேருந்து வராத காலத்தில் நடந்தே பள்ளிக்கூடம் வந்தவர் அவர். நான் மலையில் நடக்கப் பழகியது அவர் பின்னால்தான்.

"நடந்தால் நாடெல்லாம் உறவு, படுத்தால் பாயும் பகை" என்று அவர் அடிக்கடி சொல்வார். இன்றைக்கு நானும் அதையே பிடித்துக்கொண்டு மூன்று விஷயம் பேசப் போகிறேன். ஒன்று பாதை, இரண்டு வரலாறு, மூன்று கதை.

முதலில் பாதை. 1821-இல் வார்டு என்ற ஆங்கிலேய சர்வே அதிகாரி மலைச்சரிவில் இருக்கும் வெள்ளகவி ஊரிலிருந்து மேலே ஏறித்தான் இன்றைய கொடைக்கானல் இருக்கும் இடத்தை அளந்தார். அங்கே முதல் பங்களாக்கள் எழுந்தது 1845-இல். ஏரி வெட்டியது 1863-இல். இரண்டுக்கும் முன்னாலேயே வெள்ளகவியில் சனங்கள் இருந்தார்கள், அவர்கள் நடந்த தடமும் இருந்தது. அந்த ஊருக்குள் இன்றும் செருப்புப் போட்டு நடப்பதில்லை. ஊர் எல்லையிலேயே கழற்றி விடுகிறார்கள்.

வரலாறு இன்னும் பழசு. நம் மலையில் கல்திட்டைகள் இருக்கின்றன, உங்களுக்குத் தெரியும். நாலு பக்கம் பலகைக் கல் நிறுத்தி, மேலே ஒரு கல் மூடிய பழங்கால ஈமச் சின்னங்கள். ஆங்கிலேடு என்ற பாதிரியாரும் நியூட்டன் என்பவரும் இவற்றைத் தேடிப் பார்த்து எழுதியதை 1928-இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்டது. பேத்துப்பாறையில் இதையே குள்ளர் குகை என்பார்கள். குள்ளர்கள் குடியிருந்த வீடாம். கல்லின் உயரத்தைப் பார்த்து எந்தப் பாட்டியோ கண்டுபிடித்த காரணம் அது. எனக்கு அந்தப் பாட்டிமேல் பெரிய மரியாதை உண்டு.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு பெரியவரோடு குதிரைத் தடத்தில் கீழே இறங்கினேன். அந்தக் காலத்தில் காப்பிக்கொட்டையும் மலைவாழைத் தாரும் பொதி ஏற்றிக் குதிரையில் இறக்கியவர். எழுபதைத் தாண்டிய வயது. அவர் வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று ஒரு பேர் சொல்வார். இது பொதி மாற்றுகிற மேடு. இது மழைக்கு ஒதுங்குகிற பாறை. ஓரிடத்தில் மட்டும் பேசாமல் நின்றார். பச்சைத் தழை ஒரு கொத்துக் கிள்ளி, ஓரமாகக் கிடந்த கல்லின் மேல் போட்டார்.

"என்ன ஐயா?" என்றேன்.

"வெள்ளச்சி வளைவு தம்பி."

வெள்ளச்சி அவருடைய குதிரை. ஐப்பசி மழையில் இரண்டு மூட்டையோடு அந்த வளைவில் சறுக்கிப் பள்ளத்தில் விழுந்துவிட்டதாம். எழுப்ப முடியவில்லை. விடிய விடியப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். காலையில் பின்னால் வந்த குதிரைக்காரர்கள் எல்லாரும் பொதியை இறக்கி வைத்துவிட்டு அவளைக் குழிவெட்டிப் புதைத்திருக்கிறார்கள். ஒரு நாள் சந்தை போச்சு, ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை என்றார். அன்றிலிருந்து அத்தனை பேருக்கும் அது வெள்ளச்சி வளைவு. யார் கடந்தாலும் ஒரு தழை போடுவார்கள்.

நடந்தால் நாடெல்லாம் உறவு என்பது இதுதான். அப்புறம் வீட்டுக்கு வந்து போனில் வரைபடத்தைத் திறந்தேன். அந்த இடம் வெறும் பச்சையாக இருந்தது. பெரியவரின் பேரனைக் கேட்டேன். தார்ச்சாலையில் வண்டி ஓட்டுகிற பையனுக்கு வெள்ளச்சியைத் தெரியவில்லை.

கொடைக்கானல் குகையையே பாருங்கள். டெவில்ஸ் கிச்சன் என்று வெள்ளைக்காரர்கள் பேர் வைத்தார்கள். 1991-இல் ஒரு சினிமா வந்தது, குணா குகை ஆயிற்று. அதற்கு முன் அங்கே மாடு மேய்த்தவர் அதை என்ன சொல்லிக் கூப்பிட்டார்? நான் கேட்ட யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. நம் ஊருக்கு அந்தக் கதி வரவில்லை. முருகன் தாண்டிக் குதித்ததால் தாண்டிக்குடி என்று முதல் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும். பேர் நிலைத்ததால் கதையும் நிலைத்தது.

ஆகவே தலைவர் அம்மாவிடம் என் கோரிக்கை ஒன்றுதான். அடுத்த கிராமசபையில் ஒரு தீர்மானம் வேண்டும். நம் ஊராட்சிக்குள் வரும் ஒற்றையடிப் பாதை, குதிரைத் தடம், சுமைதாங்கி, கல்திட்டை எல்லாவற்றையும் ஊர்ச் சனங்கள் சொல்லும் பேரோடு ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும். காட்டுக்குள் போகும் தடங்களுக்கு வனத்துறை ஐயா அனுமதி தந்து உதவ வேண்டும். பலகை வைத்தால் தமிழில் அந்தப் பழைய பேரையே எழுத வேண்டும். படுத்தால் பாயும் பகை. இன்னும் பத்து வருடம் சும்மா இருந்தோமானால் கேட்பதற்குப் பெரியவர்கள் இருக்க மாட்டார்கள்.

மூன்றாவதாகக் கதை என்று சொன்னேன். மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனையும் போகரையும் பற்றிப் பேச நினைத்தேன், நேரமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு முருகன் கோயில் வாசலுக்கு வாருங்கள், நடந்துகொண்டே சொல்கிறேன். ஒரு நோட்டும் பென்சிலும் போதும். பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம், வழியில் ஊற்றுத் தண்ணீர் இருக்கிறது. வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால், நடக்க முடிகிற வரைக்கும் கையைப் பிடித்துக் கூட்டி வாருங்கள்.