பதில் வந்தால் யார் பார்ப்பது?

வணக்கம் நேயர்களே. வங்கியிலிருந்து, கேஸ் ஏஜென்சியிலிருந்து, ரேஷன் கடையிலிருந்து என்று நமக்குக் குறுஞ்செய்தி வராத நாளே இல்லை. அதற்கு நாம் திருப்பி எழுதினால் யாராவது பார்ப்பார்களா? மாட்டார்கள். பொது சுகாதாரத்துக்குக் கைப்பேசியைக் கொண்டுவரும் திட்டங்கள் பலவும் இடறுவது இங்கேதான். செய்தி அனுப்ப ஆள் இருக்கும், வருகிற பதிலைப் பார்க்க ஆள் இருக்காது. இன்றைக்கு நான் சுற்றிச் சுற்றி இதற்கேதான் வரப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தான்சானியாவுக்குப் போவோம். சுகாதார நிலையங்களில் மலேரியா மருந்து எவ்வளவு இருக்கிறது என்று குறுஞ்செய்தியில் கேட்டுத் தெரிந்துகொள்ளும் திட்டம் ஒன்று அங்கே நடந்தது. அங்கே மலேரியாவுக்குக் கொடுக்கும் மாத்திரை நான்கு அளவு அட்டைகளில் வரும்: 6, 12, 18, 24. உடல் எடையைப் பார்த்து அட்டையைக் கொடுப்பார்கள். 5 கிலோவிலிருந்து 15 கிலோ வரையுள்ள குழந்தைக்கு 6 மாத்திரை, 35 கிலோவுக்கு மேற்பட்டவருக்கு 24. மூன்று நாளில் முடிக்க வேண்டும். ஆறு மாத்திரை அட்டை தீர்ந்தால் பெரிய அட்டையை வெட்டித் தரலாம், பெரியது தீர்ந்தால் சின்ன அட்டை நான்கைச் சேர்த்துத் தரலாம். ஆனால் சின்னதை இப்படிப் பெரியவர்களுக்கு இறைத்துவிட்டால், அடுத்த வாரம் காய்ச்சலோடு வரும் குழந்தைக்கு என்ன செய்வது? அதனால்தான் "மருந்து இருக்கிறதா?" என்று மொத்தமாகக் கேட்காமல், அட்டை வாரியாக எண்ணிக்கை கேட்டார்கள். அந்த நான்கோடு, ஊசியாகப் போடும் குயினைனும் கணக்கில் உண்டு.

2009-10இல் லிண்டி ரூரல், உலங்கா, கிகோமா ரூரல் ஆகிய மூன்று மாவட்டங்களில், 129 சுகாதார நிலையங்களில், 21 வாரம் சோதித்தார்கள். வியாழக்கிழமை நிலையப் பொறுப்பாளரின் சொந்தக் கைப்பேசிக்குக் கேள்வி போகும். புது போன் வாங்கித் தரவில்லை, இதைக் கவனியுங்கள். பதில் வராவிட்டால் மறுநாள் நினைவூட்டல். நேரத்துக்குப் பதில் போட்டவருக்கு ரீசார்ஜ் பணம். திங்கட்கிழமை மாவட்ட அதிகாரி கையில் பட்டியல். எங்கே தீர்ந்தது, எங்கே மிச்சம் இருக்கிறது என்று பார்த்து, மிச்சம் உள்ள நிலையத்திலிருந்து எடுத்து இல்லாத நிலையத்துக்கு அனுப்ப வேண்டியது அவர்.

தொடக்கத்தில் ஏதாவது ஒரு மருந்தாவது இல்லாத நிலையங்கள் நூற்றுக்கு 78. கடைசி வாரத்தில் 26. குறுஞ்செய்தி இதைச் சாதித்தது என்று சொல்லிவிடுவார்கள். குறுஞ்செய்தியில் மாத்திரை முளைக்குமா? திங்கட்கிழமைப் பட்டியலைப் பார்த்து வண்டியைக் கிளப்பினார்களே, அது சாதித்தது. அக்கம்பக்கத்திலோ மாவட்டக் கிடங்கிலோ மருந்தே இல்லையென்றால் கணக்கு எத்தனை சுத்தமாக வந்தும் பயனில்லை. பிறகு இதை நாடு முழுவதற்கும் கொண்டுபோனார்கள்.

கென்யாவில் எச்.ஐ.வி. மருந்து எடுப்பவர்களிடம் நடந்த ஆய்வும் இதே பாடம்தான். வாரம் ஒரு செய்தி, அதில் ஒரே சொல்: "மாம்போ?" எப்படி இருக்கிறீர்கள் என்று சுவாஹிலியில் கேட்பது. நோயின் பெயரும் கிடையாது, மருந்தின் பெயரும் கிடையாது. வீட்டில் வேறு யார் எடுத்துப் பார்த்தாலும் ஒன்றும் புரியாது. "சாவா" என்றால் நலம், "ஷீடா" என்றால் சிக்கல். சிக்கல் என்றாலும், 48 மணி நேரம் பதிலே இல்லை என்றாலும், மருத்துவப் பணியாளர் கூப்பிட்டுப் பேசுவார். 2010இல் வெளியான முடிவு: செய்தி பெற்றவர்களில் 62 சதவீதம் பேர் மருந்தை ஒழுங்காக எடுத்தார்கள், பெறாதவர்களில் 50. பாருங்கள், இங்கேயும் பதிலுக்குப் பின்னால் ஓர் ஆள்.

சரி, ஆயிரம் பேருக்கு ஓடியது கோடிப் பேருக்கு ஏன் ஓடுவதில்லை? சின்னச் சின்னக் காரணங்கள். ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70. அதிலும் 'மாத்திரை' என்று எழுதினால் நமக்கு நான்கெழுத்து, இயந்திரத்துக்கு எட்டு. துணைக்கால், புள்ளி, கொம்பு எல்லாம் தனித்தனிக் கணக்கு. எழுபதைத் தாண்டினால் இரண்டு செய்தி, கட்டணமும் இரண்டு. சோதனையில் யாரும் கவனிக்காத இந்தக் காசு, மாநிலம் முழுவதும் போகும்போது பட்ஜெட்டையே தின்னும். அப்புறம் எண். கர்ப்பிணி கொடுத்த எண் பல வீடுகளில் கணவருடையது. அவர் சிம்மை மாற்றிவிட்டால், சில மாதத்தில் அதே எண் முன்பின் தெரியாதவர் கைக்குப் போய்விடும். 'உங்கள் ஏழாம் மாதப் பரிசோதனை' என்று அவருக்குச் செய்தி போகும்! ஒவ்வொரு பரிசோதனையின்போதும் எண்ணை வாய்விட்டுக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். அதற்கும் ஆள் வேண்டும். திரும்பவும் அங்கேயே வந்துவிட்டேன்.

உகாண்டாவில் இப்படிச் சோதனைத் திட்டங்கள் ஒன்றோடொன்று பேசாமல் பெருகி, 2012இல் சுகாதார அமைச்சகமே புதியவற்றை நிறுத்திவைத்தது. நல்ல முடிவு என்றே சொல்வேன்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். தென்னாப்பிரிக்காவில் கர்ப்பிணிகளுக்குக் கைப்பேசியில் செய்தி அனுப்பும் மாம்கனெக்ட் திட்டத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். 2014இல் தொடங்கியது, கர்ப்பிணி மருத்துவ நிலையத்துக்கு வரும்போதே பதிவு, சாதாரண பட்டன் போனிலும் நட்சத்திரம், எண், ஹேஷ் போட்டால் போதும், பின்னால் வாட்ஸ்அப்பிலும் வந்தது. அதில் தாய்மார்கள் திருப்பிக் கேள்வி கேட்கலாம், புகார் சொல்லலாம், படித்துப் பதில் எழுத ஒரு தனிப் பிரிவே வைத்திருந்தார்கள். வணக்கம்.