கிராம சபையே இல்லாத உத்திரமேரூர்!

கிராம சபை பத்தி யார் மேடையில பேசினாலும் ஒரு ஊர் பேரு வந்துரும். உத்திரமேரூர். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே குடவோலைத் தேர்தல் நடத்தின ஊர், கல்வெட்டு இருக்கு, எல்லாம் சரி. ஆனா இன்னிக்கு அந்த உத்திரமேரூர்ல கிராம சபை கிடையாது! ஏன்னு சொல்றேன், ஓட்டிவிடாம பாருங்க.

முதல்ல கல்வெட்டு. காஞ்சிபுரம் மாவட்டம், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர். முதலாம் பராந்தக சோழன் காலம், பொது ஆண்டு 919-லயும் 921-லயும் வெட்டினது. ஊர் 30 குடும்பு, அதாவது 30 வார்டு. வாரியம்னா குழு. ஏரி வாரியத்துக்கு 6 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர். வயசு 35-க்கு மேல, 70-க்குக் கீழ. இதெல்லாம் பள்ளிக்கூடத்துல படிச்சதுதான், விடுங்க.

எனக்குப் பிடிச்சது அந்தக் குலுக்கல்தான். ஓலையில பேரெழுதிக் குடத்துல போடுறாங்க. எடுக்குறது ஒரு சின்னப் பையன், உள்ள என்ன இருக்குன்னே தெரியாதவன். அவன் எடுத்த ஓலையை மத்தியஸ்தர், அதாவது நடுவர், வாங்கணும். எப்படி வாங்கணும்னும் கல்வெட்டுல இருக்கு: அஞ்சு விரலையும் அகல விரிச்சு, உள்ளங்கையில! ஏன்? விரல் இடுக்குல வேற ஓலையை ஒளிச்சு மாத்திரக் கூடாதுல்ல. இந்த விதியை எழுதினவர் அதுக்கு முன்னாடி எத்தனை தில்லாலங்கடியைப் பாத்திருப்பாரு! வாங்கினவர் சத்தமா வாசிக்கணும். அப்புறம் அங்க இருக்குற நம்பிமார், அதாவது கோயில் பூசாரிங்க, எல்லாரும் அதே ஓலையை வாங்கி வாசிக்கணும்.

அடுத்தது இன்னும் அருமை. வாரியத்துல இருந்துட்டுக் கணக்குக் காட்டாம போனவர் பேரைக் குடத்துல போடக்கூடாது. அவர் மட்டுமா? அப்பா, மகன், சித்தி பெரியம்மா பிள்ளைங்க, அத்தை பிள்ளைங்க, அக்கா தங்கச்சி வீட்டுக்காரர், மருமகன்... கல்யாணப் பத்திரிகை மாதிரி பட்டியல் நீளுது. மச்சான் பேருல நின்னு நான் பாத்துக்கிறேங்கிற கதையே நடக்காது. இந்த ஒரு விதியை மட்டும் இன்னிக்குக் கொண்டுவந்தா எத்தனை வார்டுல வேட்பாளர் மிஞ்சுவாங்கன்னு யோசிச்சுப் பாருங்க.

ரொம்பவும் புல்லரிக்க வேணாம். அது பிராமணர்களோட சபை. பெண்களுக்கு இடமில்ல, சொந்த நிலமும் வீடும் வேதப் படிப்பும் இல்லாதவங்களுக்கும் இடமில்ல. இதைச் சொல்லாம பெருமை மட்டும் பேசுற வீடியோ நிறைய இருக்கு, அதனால சொல்லிட்டேன்.

சரி, இன்னிக்குக் கதை. உத்திரமேரூர் இப்போ பேரூராட்சி. கிராம சபை ஊராட்சிக்குத்தான். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 - வருஷத்துக்கு ஆறு தடவை, ஓட்டுரிமை இருக்குற யாரும் போய் உக்காந்து வரவு செலவு கேக்கலாம். ஊர் பேரூராட்சி ஆனதும் இந்த உரிமை போயிரும். நூறு நாள் வேலையும் கிடையாது, அது ஊரகத்துக்கு மட்டும். எங்க ஊரை நகரத்தோட சேக்காதீங்கன்னு சனங்க கொடி பிடிக்கிறது இதனாலதான். பேரூராட்சித் தலைவரையும் நாம நேரடியா தேர்ந்தெடுக்குறதில்ல. 2022 தேர்தல்ல கவுன்சிலருங்கதான் தங்களுக்குள்ள ஓட்டுப் போட்டாங்க. ஃபைலைத் தூக்கிக்கிட்டு செயல் அலுவலரைப் பாக்கப் போனா, "ஐயா மீட்டிங்ல இருக்காரு".

மாற்றா பகுதி சபைன்னு ஒண்ணுக்கு 2022-ல விதி வந்துச்சு. வார்டைப் பகுதியாப் பிரிச்சு, கவுன்சிலர் வந்து குடிதண்ணி, குப்பை, தெருவிளக்குக்கு பதில் சொல்லணும். என் கணக்குல இது கிராம சபைக்குத் தம்பிதான், ஆனா வீட்டுல யாரும் பேரு சொல்லிக் கூப்பிடாத தம்பி.

நீங்க பேரூராட்சியில இருந்தா, உங்க வார்டுல பகுதி சபை கடைசியா எப்போ நடந்துச்சுன்னு கமெண்ட்ல போடுங்க. "அப்படின்னா என்ன?"ன்னு கேக்குறவங்களும் அதையே போடுங்க. எது ஜாஸ்தி வருதுன்னு பாத்துருவோம்!